ஒண்ணாந்தேதி அட்டை

எண்பத்து மூன்றாம் வருஷம் பிறக்கிற சமயம், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகளான எங்களுக்குப் புத்தி சொல்ல மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். தேரடி வீதி ஓட்டல் மாடியில் கூட்டம். சாப்பாடு உண்டு என்பதால் ஒருத்தர்கூட மட்டம் போடவில்லை. அவர் சொன்னது இதுதான்: வருகிற வருஷம் என்னென்ன வேண்டுமோ அதன் படங்களைப் பத்திரிகையிலிருந்து வெட்டி, ஓர் அட்டையில் ஒட்டி, கண்ணெதிரே மாட்டு. தினமும் காலையில் எழுந்ததும் பார். தானாக வந்து சேரும்.

எங்கள் ஊருக்கு இது புதிதே இல்லை. வீடு வேண்டும் என்கிறவன் மலை சுற்றுகிற வழியில் நாலு கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டுப் போகிறான். அதைப் பார்த்துச் சிரிக்கிறவன் நான். அதே சமாசாரத்தை ஒருவர் டை கட்டிக்கொண்டு சொன்னதும் எழுந்து நின்று கை தட்டினேன்.

ஜனவரி ஒண்ணாந்தேதி, பழைய காலண்டர் அட்டையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். தங்கச்சி கஸ்தூரி மைதா மாவில் பசை காய்ச்சிக் கொடுத்தாள். ஸ்கூட்டர் ஒட்டினேன். ஃப்ரிட்ஜ், கேஸ் அடுப்பு, கைக்கடிகாரம், வேங்கிக்கால் பக்கம் நான் கட்டப்போகிற மாடி வீடு. கடைசியாக ஒரு நெக்லஸ். நகைக்கடை விளம்பரத்தில் அது ஒரு பெண்ணின் கழுத்தில் இருந்தது. வரப்போகிற மனைவி யார் என்று இப்போதே முடிவு கட்டுவானேன் என்று தலையை வெட்டிவிட்டுக் கழுத்தை மட்டும் ஒட்டினேன். இந்த நாகரிகத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கஸ்தூரிக்கு இருபத்தாறு முடிந்திருந்தது. அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு நான், எனக்கு அவள். தங்கச்சியைக் கட்டிக் கொடுக்காமல் நான் மாலை போட்டுக்கொள்ள மாட்டேன் என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லி வைத்திருந்தேன். அதில் எனக்கு நல்ல பேர் கிடைத்தது. கூடவே ரெண்டு பாலிசியும் கிடைத்தது.

தை பிறந்ததும் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் அக்கா ஒரு வரன் கொண்டுவந்தார். கீழ்பென்னாத்தூர். பையன் பேர் வேணு, கூட்டுறவு சங்கத்தில் குமாஸ்தா. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற நிலம் கொஞ்சம் இருந்தது. வீட்டில் அம்மா சந்திரம்மாள் மட்டும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரெண்டு பேரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கன்னியம்மாள் அக்காதான் வீட்டுக்குக் கூட்டிவந்து கூடவே உட்கார்ந்தார்.

அட்டை, சாமி படங்களுக்குக் கீழே, உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் தொங்கியது. கழற்றி வைக்க எனக்குத் தோன்றவில்லை. இன்னும் கேட்டால், காலையில் அதை நேராக்கி மாட்டியதே நான்தான்.

சந்திரம்மாள் பாயில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பார்வை சுவரில் போய் நின்றது. எழுந்து கிட்டே போய் ஒவ்வொரு படத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தார். திரும்பும்போது முகமெல்லாம் மலர்ச்சி. சீர்வரிசையை வாய்விட்டுக் கேட்க அசிங்கமாக இருக்கிறதே என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாராம். நாங்கள் பேச்சுக்கே இடம் வைக்காமல் இன்னின்னது செய்கிறோம் என்று படமாகவே மாட்டி வைத்திருப்பது ரொம்ப கௌரவம் என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்தபோது கடித்த வாழைக்காய் பஜ்ஜியைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன்.

"ஸ்கூட்டருக்குப் பேர் பதிஞ்சிட்டீங்களா தம்பி? பதிஞ்சாலும் வர்றதுக்கு வருசக்கணக்கா ஆவுதாமே."

"இனிமேதான் பதியணுங்க," என்றேன். அதில் பொய் ஒரு சொட்டு இல்லை. பொய் சொல்லாமலே ஆளை நம்ப வைப்பது என் தொழில்.

ஃப்ரிட்ஜ் வேண்டாம் என்று அவரே பெரிய மனசு பண்ணினார். அவர்கள் பக்கம் கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாது. அதற்குப் பதில் கிணற்றுக்கு ஒரு மோட்டார் போட்டுக் கொடுத்தால் ஆயுசுக்கும் உதவும். மாடி வீட்டைப் பார்த்ததும், "இது ஜாஸ்திங்க. எம்பையன் வீட்டோட மாப்பிள்ளையா வர மாட்டான்," என்று கண்டிப்பாகச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம், கழுத்துப் பிடிப்பு என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஓர் ஆட்டல். உள்ளே கணக்கு ஓடியது. முதலில் கல்யாணம் முடியட்டும். ஸ்கூட்டர் வருகிறது, வருகிறது என்றே சில வருஷத்தை ஓட்டிவிடலாம். அதற்குள் ஒரு குழந்தை பிறந்துவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? கேட்டால் கஸ்தூரியைத்தான் கேட்பார்கள் என்பது மட்டும் அந்தக் கணக்கில் வரவில்லை.

சந்திரம்மாள் நெக்லஸுக்கு வந்தார். பெண் கழுத்துக்கு எடுப்பாக இருக்கும் என்றார்.

அப்போது கஸ்தூரி காபித் தட்டோடு வந்தாள். கூப்பிட்டால்தான் பெண் வர வேண்டும். யாரும் இன்னும் கூப்பிட்டிருக்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு சந்திரம்மாளைக் கும்பிட்டாள்.

"அதெல்லாம் எங்கண்ணன் தனக்குன்னு ஒட்டிக்கிட்டதுங்க. எனக்கு இல்லீங்க. எங்கம்மா செயினும் கொஞ்சம் பாத்திரமும்தான் என்னுது. தெரியாம முடிவு பண்ணிடாதீங்க."

குரலில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்கிற குரல்.

சந்திரம்மாள் என் பக்கம் திரும்பினார். "அப்படியா தம்பி?"

"ஆமாங்க."

அதுவரை வாயே திறக்காத வேணு எழுந்து அட்டைக்குப் பக்கத்தில் வந்தான். குத்திக் காட்டுகிற முகம் இல்லை. விட்டுப்போனதைத் தேடுகிற குமாஸ்தா பழக்கம், அவ்வளவுதான். "இதுல உங்க தங்கச்சிக்குன்னு எதுங்க?" என்று கேட்டான்.

நானும் அவனோடு சேர்ந்து தேடினேன். யாரோ ஒட்டிய அட்டையைப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழே வரைக்கும் தேடினேன். கைக்கடிகாரம் ரெண்டு இருந்தது. ஒரு மூலை காலியாகக் கிடக்கிறதே என்று இன்னொன்றையும் நான்தான் ஒட்டியிருந்தேன்.

காபியைக் குடித்தார்கள், அது அவர்கள் மரியாதை. லெட்டர் போடுவதாகச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். வாசலில் சந்திரம்மாள் கஸ்தூரியின் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கும்படி சொல்லவில்லை. கன்னியம்மாள் அக்கா மட்டும் நின்று, "ஏம்பா காசி, கடியாரத்துக்கு ரெண்டு படம் கெடைச்சுது, தாலிக்கு ஒண்ணு கெடைக்கலியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கஸ்தூரி பஜ்ஜிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, நல்லவேளை மோட்டாரோடு விட்டார்கள், கிணறும் வெட்டித் தரச் சொல்லவில்லை என்றேன். என் தமாஷுக்கெல்லாம் சிரித்தே வளர்ந்தவள். சிரிக்கவில்லை.

"கோவமா கஸ்தூரி?"

"இல்லண்ணா. ஒண்ணாந்தேதி சாயங்காலமே பாத்துட்டேன். பசை மீந்துது. எனக்குன்னு நீ எதுனா ஒட்டுவேன்னு ரெண்டு நாள் மூடி வெச்சிருந்தேன். அப்புறம் புளிச்சிப்போச்சு, ஊத்திட்டேன்."

அவசர அவசரமாக, எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு அவள் கல்யாணத்தை ஒட்டுகிறேன் என்றேன்.

"கல்யாணம் வேணும்னு நான் எப்போ சொன்னேன்? வேணாம்னும் சொல்லல. யாரும் கேக்கல."

தரையில் உட்கார்ந்தேன்.

"சரி, இப்போ கேக்கறேன். உனக்கு இன்னா வேணும்?"

அவள் கை நின்றது. சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மாதிரி மௌனம் எனக்கு நன்றாகத் தெரியும். பாலிசி எடுக்கலாமா என்று ஒருத்தர் யோசிக்கிற நேரம் அது. அந்த நேரத்தில் நான் பேனாவை எடுத்து அவர் கையில் திணித்துவிடுவேன். இப்போது பேசாமல் இருந்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"திடீர்னு கேட்டா வர மாட்டேங்குதுண்ணா," என்றாள். "பழக்கமில்ல."

"நாளைக்குக் கேக்கட்டுமா?"

"கேளு," என்று கழுவிய சட்டியை என் பக்கம் நகர்த்தினாள், துடைத்து வைக்கச் சொல்லி.