கிளி மீனின் நிறம்

போட்டோவுக்கு வர்ணம் தீட்டுவதில் அஸ்மத்துன்னிசாவை மிஞ்ச மயிலாப்பூரில் ஆளில்லை. விதவை. கோஷாத் திரையை விட்டு வெளியே வராமலே, ஸ்டூடியோக்காரர்கள் அனுப்பும் கறுப்பு வெள்ளை மாப்பிள்ளைகளின் கன்னத்தில் சிவப்பேற்றிப் பிழைத்தாள். அதைக் கேள்விப்பட்டுத்தான் 1931ஆம் வருஷம் வக்கீல் சுந்தரராமன் அந்த ஜெர்மன் புத்தகத்தைக் கொடுத்தனுப்பினார்.

நூற்றைம்பது வருஷத்துப் புத்தகம். தரங்கம்பாடியிலிருந்து ஜெர்மனிக்குச் சாராய ஜாடியில் போன மீன்களைப் பார்த்து, அங்கே யாரோ செம்புத் தகட்டில் வெட்டி அச்சடித்த நாற்பது படங்கள். ஒவ்வொரு செதிலுக்கும் தனிக் கோடு. வர்ணம் மட்டும் இல்லை. ஊருக்கு வரப்போகும் ஜெர்மன் துரைக்கு வர்ணத்தோடு பரிசளிக்க வக்கீலுக்கு ஆசை.

முதல் படத்தை அஸ்மத்துன்னிசா மீன்காரி குப்பம்மாவிடம் காட்டினாள்.

"ஐய, இது நம்ம கிளி மீனு பீவிம்மா! செத்துப்போனா நெறம் ஓடிப்பூடும். உசுரோட கொணாந்து காட்டறேன், இரு."

மறுநாள் காலை வாயகன்ற பானையில் கடல்தண்ணீரோடு கொண்டுவந்து இறக்கினாள் குப்பம்மா. பட்டினப்பாக்கத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்ததில் பாதித் தண்ணீர் அவள் புடவையில் இருந்தது. மீன் பச்சை, செதிலோரமெல்லாம் ரோஜா நிறம். அஸ்மத்துன்னிசா மூச்சு விடாமல் பார்த்தாள். அதை அப்படியே காகிதத்தில் கொண்டுவர நாலு நாள் ஆனது. தன் வேலையைப் பார்த்துத் தானே பூரித்தது அன்றுதான்.

தீட்டிய படத்தைப் புத்தகத்தோடு வாங்கிப்போன வக்கீல், மறுவாரம் வந்து திரைக்கு அப்பால் நின்றார்.

"என்னம்மா, பச்சையைப் பூசி வெச்சிருக்கேள்? காலேஜ் புரொபசர் புஸ்தகத்தைப் படிச்சுப் பார்த்தார். பழுப்புன்னு போட்டிருக்காம்."

"உயிர் மீனைப் பாத்துப் போட்டேன் சார். சாராயத்துல ஊறினா பழுப்பாத்தான் போகும். காலையில கடலாண்ட போய் நீங்களே பாருங்க."

"நானா? மீன் பார்க்கவா?" அவர் சிரித்தார். "புஸ்தகத்துல இருக்கறதுதான் பிரமாணம். மாத்திடுங்கோ. முடியாதுன்னா சொல்லுங்கோ, வேற ஆள் இருக்கா."

அவர் போனதும் பழுப்பைக் குழைத்தாள். பச்சைமேல் அது எளிதில் பிடிக்கவில்லை. மூன்று தரம் பூச வேண்டியிருந்தது.

மற்ற மீன்களுக்கு இன்ன நிறம் என்று புரொபசர் ஒரு ஜாபிதா எழுதி அனுப்பினார். அதைப் பார்த்தே தீட்டினாள். குப்பம்மா இன்னொரு பானையோடு வந்தபோது, "வேணாம், எடுத்துக்கினு போ" என்றாள்.

"இன்னா பீவிம்மா, கோவமா?"

"உன்மேல இல்ல."

மூன்றாவது படத்திலிருந்து ஜாபிதா நிறத்தைத் தீட்டக் கை தயங்கவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.