சாவி தீரும் இடம்

அப்பாவின் கிராமபோனில் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. எந்தத் தட்டை வைத்தாலும் கடைசி அடியில் குரல் தாழ்ந்து இழுபடும். அம்மா ஓடிவந்து சாவி கொடுப்பாள். பாட்டு என்றால் அப்படித்தான் முடியும் என்று நினைத்து, நானும் சிறுவயதிலேயே அப்படிப் பாடப் பழகிவிட்டேன். ராஜபாளையத்துப் பாட்டு வாத்தியாரால் அதைத் திருத்த முடியவில்லை.

அப்பாவை அடக்கம் செய்த மூன்றாம் நாள், ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் ஜெபம் நடந்தது.

"ஏட்டி ஞானம், உங்கப்பாவுக்குப் பிடிச்ச கீர்த்தனையப் பாடு. கடைசியில இழுத்துராத, எல்லாரும் சிரிப்பாக," என்றாள் ரோசம்மாள் அத்தை.

இன்றைக்காவது ஒழுங்காகப் பாடிவிட வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். அழுகை வரவில்லை. கடைசி அடியில் குரல் தானாக இறங்கியது. யாரும் சிரிக்கவில்லை.

அம்மா பாயிலிருந்து பாதி எழுந்தாள். மூடிக்கிடந்த கிராமபோனைப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.