கடல்பாசியில் ஒரு செல்

இறைவன் ஒரு செல்லுக்குள் எத்தனை வேலைக்காரர்களை அமர்த்தியிருக்கிறான் என்று எண்ணினால் மலைப்பாக இருக்கும். மைட்டோகாண்ட்ரியா அடுப்பெரிக்கிறது. ரைபோசோம் புரதம் செய்கிறது. கோல்கை உறுப்பு அதைப் பொட்டலம் கட்டி விலாசம் ஒட்டுகிறது. லைசோசோம் குப்பை அள்ளுகிறது. உட்கரு உட்கார்ந்த இடத்தில் உத்தரவு போடுகிறது. யாருக்கும் ஞாயிற்றுக்கிழமை கிடையாது, சங்கமும் கிடையாது. இத்தனை பேரும் அன்று அதிராம்பட்டினத்தில் நுஸைபாவின் வீட்டு வாசல் மேசையில், கடல்பாசி என்று அந்த ஊரில் சொல்லும் இனிப்பு ஜெல்லி ஒரு தட்டுக்குள் உறைந்துகொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை அவள் ஒரு மேல்நிலைப் பள்ளியில் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். விலங்கியல் ஆசிரியை வேலை. ஏற்கெனவே வேறு பள்ளிகளுக்கும் இதே போல் போயிருக்கிறாள். படம் வரையக் கரும்பலகைப் பக்கம் திரும்புவாள், பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பத் துணிச்சல் வராது. முதுகைப் பார்த்து யாரும் வேலை கொடுப்பதில்லை. காட்டுவதற்கு ஒரு பொருள் இருந்தால் எல்லோரும் அதைப் பார்ப்பார்கள், தனக்கும் வாய் திறக்கும் என்று நம்பினாள். இந்த முறையும் கிடைக்காவிட்டால் இனி எங்கும் போவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

நோன்பு மாதம் என்பதால் சாமான்களுக்குப் பஞ்சமில்லை. நெடுக நறுக்கிய பேரீச்சம்பழம் மைட்டோகாண்ட்ரியா. சப்ஜா விதை ரைபோசோம். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம், துண்டு போட்டு அடுக்கினால் கோல்கை. செர்ரிப் பழம் லைசோசோம். நடுவில் ஒரு குலாப் ஜாமூன், உட்கரு.

மாமியார் ஜன்னத் பீவி எட்டிப் பார்த்தார்.

"சீனி போட்டியா?"

"மாமி, இது பாடம்."

"பாடமா இருந்தா என்ன, சப்புன்னா இருக்கணும்? போடு."

போட்டாள். அதுதான் வினையாயிற்று.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பள்ளிவாசலில் நோன்பு திறப்பவர்களுக்கு உணவு கொடுக்க நினைப்பவர்கள், நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் சஹன் என்னும் பெரிய தட்டில் வைத்து, வெள்ளைத் துணி மூடி வாசலில் வைத்துவிடுவார்கள். தெருவே காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் ஜெகபர் அலி சாயங்காலம் ஆட்டோவில் வந்து எடுத்துப் போவார். கதவைத் தட்ட மாட்டார், இது யார் வீட்டுத் தட்டு என்று யாரிடமும் சொல்ல மாட்டார். கொடுக்க முடியாத வீட்டுக்காரர் கூசக் கூடாது அல்லவா? நல்ல வழக்கம். ஆனால் நுஸைபாவின் செல்லும் சஹனில்தான் இருந்தது. ஈ மொய்க்காமலிருக்க அவள் வெள்ளைத் துணிதான் மூடியிருந்தாள்.

தொழுதுவிட்டு வந்து பார்த்தால் மேசை வெறுமையாக இருந்தது. ஜெகபர் அலிக்குப் போன் போட்டாள். அவர் எடுப்பதற்குள் நோன்பு திறக்கும் பாங்கு சொல்லி முடிந்திருந்தது.

"காக்கா, எங்க வாசல்ல இருந்த கடல்பாசி..."

"அது உங்க வூட்டுதாம்மா? ஜோரு! அறுவடை மிஷின் ஓட்ட வந்த பசங்க நாலு பேரு ஒரே மூச்சுல காலி பண்ணிட்டாங்க. நடுவுல ஒரு உருண்டை இருந்துச்சு பாரு, அதுக்குத்தான் ரெண்டு பேருக்கு அடிதடி. நான்தான் பாதியா பிச்சுக் கொடுத்தேன்."

"அது உட்கரு, காக்கா."

"என்னது?"

விஷயத்தைக் கேட்டதும் ஜெகபர் அலி நோன்புக் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டார்.

இங்கே நுஸைபா தரையில் உட்கார்ந்து அழுதாள். ஜன்னத் பீவி ஒரு வடையை அவள் கையில் திணித்தார். "கொடுத்தது கொடுத்ததுதான். நீ நெனச்சுக் கொடுக்கலேன்னாலும் அல்லா உன் கணக்குல எழுதிக்குவான்."

"அவன் எழுதட்டும் மாமி. நாளைக்கு போர்டுல யாரு எழுதுறது?"

ஜெகபர் அலி வாழ்நாளில் முதன்முறையாகத் தெருவில் கதவு கதவாகத் தட்டினார். "நுஸைபா புள்ளயோட செல்லை நான் தூக்கிட்டுப் போயிட்டேன். ஜாமூன் இருந்தா கொடுங்க." சிலர் செல்போன் என்று நினைத்து, அதற்கு ஜாமூன் எதற்கு என்று கேட்டார்கள். இருந்தாலும் கொடுத்தார்கள். சற்று நேரத்தில் வீடு நிறைந்துவிட்டது. பேரீச்சம்பழமும் செர்ரியும் குவிந்தன. யார் வீட்டிலோ இடியாப்பம் அனுப்பினார்கள். உட்கரு மட்டும் ஐந்து வீட்டிலிருந்து வந்தது.

சஹன் பள்ளிவாசலில் இருந்தது. மீன் விற்கும் தனபாக்கியம் தன் நீள அலுமினியத் தட்டைப் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தாள்.

"வாடை போயிடுச்சுக்கா. இதுல என்ன மீனு வைக்கப் போறீங்க?"

எல்லோரும் சேர்ந்தே வைத்தார்கள். தட்டு நீளமாக இருந்ததால் இடியாப்பத்தை நெடுக நீட்டினார்கள். இடையிடையே பேரீச்சம்பழத்தை நெருக்கி அடுக்கினார்கள். ஜாமூன்களுக்கு நடுவில் இடமில்லை. ஓரமாகச் செருகினார்கள். மேலே கடல்பாசியை ஊற்றினார்கள். நுஸைபா பார்த்துக்கொண்டே நின்றாள். எந்தப் புத்தகத்திலும் செல் இப்படி இல்லை. நான்கு ஜாமூனை எடுத்துவிடலாம். ஆனால் எந்த நான்கு வீட்டாரின் முகத்தைப் பார்த்து எடுப்பது? மறுநாள் காலை அப்படியே பள்ளிக்குக் கொண்டுபோனாள்.

தலைமையாசிரியர் தியாகராசன் தட்டைக் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா இது? ஒரு செல்லுக்கு அஞ்சு உட்கருவா? ஒண்ணு லீவு போட்டா இன்னொண்ணு பார்த்துக்குமா?"

வகுப்பு சிரித்தது. நுஸைபாவின் உடம்பு கரும்பலகைப் பக்கம் திரும்பப் பார்த்தது. மறுபடி தட்டைப் பார்த்தாள். நெடுக ஓடும் இழைகள். இழைக்கு இழை நெருங்கிய மைட்டோகாண்ட்ரியா. ஓரங்களில் உட்கருக்கள்.

"சார், இது தசை செல்."

குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. ஆனால் நிற்கவில்லை.

"கையைத் தூக்குற தசையில இப்படித்தான் இருக்கும். இந்த நீள இழைங்க சுருங்கினாத்தான் கை அசையும். அதுக்கு நிறைய சக்தி வேணும், அதான் இத்தனை மைட்டோகாண்ட்ரியா. இது முதல்ல ஒரே செல்லா இருக்கலை. பல சின்ன செல்லுங்க ஒண்ணாச் சேர்ந்து உண்டானது. சேரும்போது ஒவ்வொண்ணும் தன்னோட உட்கருவையும் கொண்டுவந்துடும். பெரிய செல் எதையும் வேண்டாம்னு சொல்றதில்ல, ஓரமா இடம் கொடுத்துடும்."

ஒரு மாணவி எழுந்தாள். "மிஸ், அப்போ யாரு உத்தரவு போடுவா? அஞ்சும் சண்டை போடாதா?"

"தன் பக்கத்து வேலையைத் தான் பார்த்துக்கும். சண்டைக்கு நேரமில்ல."

"எங்க ஸ்டாஃப் ரூம்ல இதைச் சொல்லணும்" என்றார் தியாகராசன்.

மணி அடிக்கும் வரை கேள்விகள் வந்தன. நோன்பில்லாத பிள்ளைகள் செல்லைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஒருத்தி லைசோசோமை வாயில் போட்டுக்கொண்டாள்.

"திங்கட்கிழமை வேலையில சேர்ந்துடுங்கம்மா" என்றார் தியாகராசன். பிறகு ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து முகர்ந்தார். "ஆமா, இந்த மைட்டோகாண்ட்ரியாவுல ஏன் சங்கரா மீன் வாசம் வருது?"

நுஸைபா பிள்ளைகளைப் பார்த்தபடியே சொன்னாள்: "அது அடுத்த பாடம், சார்."