தண்டு வேகவைத்த தண்ணீர்

டாக்டர் கேட்டது தையலக்காவிடம். பதில் சொன்னது அவள் புருஷன் ஸ்டோர்காரர்.

"வீட்டுல தினமும் என்னம்மா சாப்பிடுறீங்க?"

"எல்லாம் நான் சாப்பிடுறதுதான் டாக்டர். ஒரே அடுப்பு, ஒரே சாப்பாடு. இவளுக்குன்னு தனியா என்ன இருக்கு?"

டாக்டரம்மா ஸ்கேன் படத்தை இன்னொரு முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தையலக்காவின் இடது சிறுநீரகத்துக் குழாயைக் கல் அடைத்து, சிறுநீரகம் வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் வீங்கிக் கிடந்து, இப்போது வேலை செய்வதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டது. வலது பக்கமும் சும்மா இல்லை, பொடிப்பொடியாகக் கல். இடது பிழைக்குமா என்று அறுவை மேஜையில்தான் தெரியும் என்றார். வலதையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் இந்தக் கல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தாக வேண்டும். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

பதில் தையலக்காவுக்குத் தெரியும். பக்கத்து நாற்காலியில் மடியில் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனுஷருக்கும் தெரியும். அவர் வாயால் வரட்டும் என்று காத்திருந்தாள். தலை நரைக்கும்வரை ஒருவரோடு குடும்பம் நடத்திவிட்டு இந்த ஒன்றை எதிர்பார்ப்பது பேராசையில்லை என்றுதான் நினைத்தாள்.

தெருவுக்கு அவர் ஸ்டோர்காரர். ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில், துருப்பிடித்த நட்டைக்கூடக் கையெழுத்து வாங்காமல் வெளியே விடாமல் காலத்தை ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு காவல் காப்பதற்கு வீடு மட்டும்தான் மிச்சமிருந்தது. கரைந்துபோன சோப்பு, நூல் தீர்ந்த கண்டு, கிழிந்த பை, எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பிக் குப்பைக்குப் போய்விட முடியாது. அவள் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கடைக்குக் கொடுப்பவள், தெருவுக்குத் தையலக்கா. வெட்டி மிஞ்சிய துணியைக் கொட்டுவதற்குக்கூட அவர் வெளியே போகும் நேரம் பார்க்க வேண்டும்.

அப்படிப்பட்டவர் கையில் யாரோ ஒரு விதைப் பொட்டலத்தைக் கொடுத்துத் தொலைத்தார்கள். சுவிஸ் சார்ட் என்று எழுதியிருந்தது. "என்னங்க இது, பேரைக் கேட்டா பேங்க் மாதிரி இருக்கு" என்று அவள் சிரித்தாள். மொட்டைமாடியில், காலி பெயிண்ட் வாளிகளில் போட்டார். விசிறி அகலத்துக்கு இலை, அதைத் தாங்க விரல் தடிமனில் தண்டு, வெள்ளையிலும் மஞ்சளிலும் ரத்தச் சிவப்பிலும். லட்சணமான கீரைதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் வெட்ட வெட்ட வந்தது. வேண்டாத விருந்தாளியைப்போல, போகிற வழியாகத் தெரியவில்லை.

முதல் கட்டு வாங்கும்போதே மாடிவீட்டு டீச்சர், "தண்டெல்லாம் வேண்டாம் சார், இலை மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து யாருக்குக் கொடுத்தாலும் தண்டை நறுக்கிவிட்டு இலையை மட்டும் செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பது அவர் வழக்கமாகிவிட்டது. டீச்சருக்கு ஒரு கட்டு, சம்பந்தி வீட்டுக்கு ஒரு கட்டு, பழைய ஆபீஸ்காரர்கள் வந்தால் ஆளுக்கொரு கட்டு. வாங்கினவர்கள் வாயார வாழ்த்தினார்கள். தண்டு மட்டும் சமையல் மேடையில் விறகு மாதிரி குவிந்தது.

"இதை என்னங்க பண்றது?"

"பண்ணத் தெரிஞ்சவங்களுக்கு ஆயிரம் இருக்கு" என்று போனை நீட்டினார்.

போனில் இருந்ததை விட்டுவிட்டு அவள் தன் கைக்கு வந்தபடி செய்தாள். தண்டின் முதுகில் ஓடும் நாரை உரித்து, வேகவைத்து, ஒட்டப் பிழிந்து, பூண்டும் வறுத்த எள்ளும் வைத்து அரைத்து, எலுமிச்சை பிழிந்து, கெட்டித் தயிரில் கலந்தால் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள டிப் ஆயிற்று. சிவப்புத் தண்டு போட்டால் தயிர் ரோஜா நிறத்துக்கு வந்துவிடும். மஞ்சள் தண்டோடு சுட்ட பூண்டைச் சேர்த்தால் வெண்ணெய் மாதிரி வழுக்கும். வெள்ளைத் தண்டு சூப்புக்கு. வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, உருளைக்கிழங்கோடு வேகவிட்டுக் கடைந்தால் அடிவரை வழித்துவிடுவார். நாரை உரிக்க மணிக்கணக்கில் உட்கார்ந்து நகக்கண் சிவந்தது அவளுக்கு. வீட்டுக்கு வருகிறவர்களிடம் "நம்ம தோட்டத்து டிப்பு" என்று பீற்றிக்கொண்டது அவர். போகட்டும், மனுஷருக்கு அதில் ஒரு சந்தோஷம் என்று விட்டுவிட்டாள்.

அப்புறம்தான் அவருக்குக் கல் வந்தது. இதே டாக்டரம்மாதான் எடுத்துப்போட்டார். இதே அறையில், இதே இரண்டு நாற்காலிகளில் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"இந்தக் கீரை உங்களுக்கு ஆகாது. விடவே முடியாதுன்னா, நிறைய தண்ணி ஊத்தி நல்லா வேகவைங்க. அந்தத் தண்ணியைக் கொட்டிடுங்க. கல்லாகிற சமாச்சாரம் நிறைய அதுலதான் இறங்கும். அப்புறம் தயிரோட கொஞ்சமா சாப்பிடலாம்."

சொன்னபடி தண்டை வேகவைத்து, தண்ணீரைப் பாத்திரம் தேய்க்கிற தொட்டியில் சாய்த்தாள். சிவப்புத் தண்டு வெந்த தண்ணீர், தொட்டியெல்லாம் செக்கச்செவேலென்று ஓடியது. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவருக்கு எப்படித்தான் காது கேட்டதோ, சமையலறை வாசற்படியில் வந்து நின்றார்.

"என்ன கொட்டுற?"

"டாக்டர் சொன்னாங்களே."

"எனக்கு ஆகாதுன்னாங்க. உனக்கு என்ன கேடு?"

அவர் தொட்டியை எட்டிப் பார்த்தார். தன் வீட்டில் திருட்டுப் போன இடத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு பேப்பருக்குப் போய்விட்டார். அதோடு பேச்சும் போய்விட்டது. கேட்டால் பதில் இல்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, பரிமாறினால் தட்டை மட்டும் பார்த்தார். திட்டுகிற புருஷனோடு எப்படியாவது காலம் தள்ளிவிடலாம். வாயைத் தைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறவரோடு என்ன செய்வது? அடுத்த தடவை தண்டு வெந்தபோது அவள் தண்ணீரைக் கொட்டவில்லை. வெங்காயமும் பூண்டும் வதக்கி, மிளகு தட்டிப்போட்டு, அந்தத் தண்ணீரையே ஊற்றிச் சூப்பாக்கினாள். அவர் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"குடி, குடி. சத்தெல்லாம் இதுலதான் இறங்கியிருக்கு."

பேச்சு திரும்பி வந்துவிட்டது. அவள் குடித்தாள்.

அப்படியே முறையாகிவிட்டது. பிழிந்த தண்டு அவருக்கு டிப், பிழிந்த தண்ணீர் அவளுக்குச் சூப். குடித்து முடித்ததும் பல்லெல்லாம் சுண்ணாம்பு தடவினாற்போல் கரகரக்கும். அதைச் சொன்னபோது, "இரும்புச்சத்துன்னா அப்படித்தான் இருக்கும்" என்றார். ஆறிப்போனால் எடுத்துப்போய்ச் சூடு பண்ணிக் கொண்டுவந்தும் கொடுத்தார். அதை அக்கறை என்று அவள் நினைத்த நாட்களும் உண்டு. இப்போது யோசித்தால் அவளுக்கே தன்மேல் எரிச்சலாக வந்தது.

ஒரு தடவை மகள் வந்திருந்தபோது கிண்ணத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தாள்.

"அப்பாவுக்கு ஆகாததும்மா. உனக்கு மட்டும் ஆகுமா?"

"உங்கம்மாவுக்கா? கல்லைத் தின்னாலும் செரிச்சிடும்" என்றார் ஸ்டோர்காரர். மகள் சிரித்தாள். தையலக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். கிண்ணம் மறுபடி அவள் பக்கம் வந்தது.

வலி வந்தது மதியம், மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது. சட்டைக் கையை உடம்போடு பொருத்தி ஓட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே மெஷின்மேல் சாய்ந்துவிட்டாள். ஊசி தாறுமாறாகப் போய்க் சட்டைக் கையோடு காலரையும் சேர்த்துத் தைத்துவிட்டது. அப்படியே ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்தார்கள். சேதி கேட்டு மகளும் ஓடி வந்தாள். இப்போது நாற்காலிக்குப் பின்னால் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"கீரை, தண்டு, அதெல்லாம்?" டாக்டரம்மா விடவில்லை.

"அதெல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான் டாக்டர். வேகவச்சுத்தான், தயிர் போட்டுத்தான்." ஸ்டோர்காரர் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். "இவ மெஷின்ல உக்காந்தா ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டா. எழுந்து வரவே மாட்டா. அதான் இப்படி ஆகியிருக்கும்."

டாக்டரம்மா தலையசைத்துவிட்டு எழுத ஆரம்பித்தார். அது முழுப்பொய்யும் இல்லை என்பதுதான் கொடுமை. தையலக்கா அந்தப் பேனாவைப் பார்த்தாள். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் வலது பக்கமும் போய்ச் சேர்ந்துவிடும் என்று தெரிந்தது. மானம் பார்க்கிற நேரம் இல்லை.

"அந்தத் தண்ணியை நான்தான் டாக்டர் குடிச்சேன்."

"எந்தத் தண்ணி?"

"தண்டு வேகவச்ச தண்ணி. சூப் வச்சு. இவருக்கு ஆபரேஷன் ஆனதுலேர்ந்து."

பேனா நின்றது. "ஏம்மா, கொட்டச் சொன்னேன்ல? நீங்களும்தானே கேட்டுக்கிட்டிருந்தீங்க? அவர் சாப்பிட வேண்டாம்னு நான் ஒதுக்கினதையெல்லாம் சேத்து நீங்க குடிச்சிருக்கீங்க!"

தையலக்கா புருஷன் பக்கம் திரும்பினாள். கெஞ்சவில்லை, முறைக்கவும் இல்லை. நான்தான் குடிக்கச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை வந்தால் போதும், இடது போனாலும் போகட்டும் என்று அந்த நிமிஷத்தில் நிஜமாகவே நினைத்தாள்.

ஸ்டோர்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நானும் தலைதலையா அடிச்சுக்கிட்டேன் டாக்டர். கொட்டிடு, கொட்டிடுன்னு. கேட்டாத்தானே? வீணாப் போகுதேன்னு இவதான் எடுத்து எடுத்து வச்சுப்பா. பொம்பளைங்களுக்கு ஒண்ணைத் தூக்கிப்போட மனசே வராது."

சொல்லும்போது அவர் முகத்தில் கள்ளத்தனம்கூட இல்லை. சொல்லி முடிப்பதற்குள் அவரே அதை நம்பிவிட்டார். தோளைப் பிடித்திருந்த மகளின் கை இறுகியது.

"ஏம்மா இப்படிப் பண்ணே? அப்பா சொன்னா கேக்க மாட்டியா?"

தையலக்கா சண்டை போட்டிருக்கலாம். டாக்டரை நடுவில் வைத்துக்கொண்டு, தொட்டியில் கொட்டியதையும் அவர் பேசாமல் இருந்த நாட்களையும் எப்படி விளக்குவது? 'பேசமாட்டேங்கிறார்னு குடிச்சேன்' என்று சொன்னால் சிரிப்பார்கள். சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு, "ஆபரேஷன் எப்ப டாக்டர்?" என்று கேட்டாள்.

இடது பிழைக்கவில்லை. எடுத்துவிட்டார்கள். மிஞ்சிய ஒன்றைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்தக் கீரையை இலையோ தண்டோ அவள் இனி தொடவே கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு ஸ்டோர்காரர் அவளைச் சமையல் மேடைப் பக்கம் விடவில்லை. தானே கஞ்சி காய்ச்சினார், பாத்திரம் தேய்த்தார், மாத்திரையை உடைத்துக் கையில் கொடுத்தார். குறை சொல்ல முடியாதபடி செய்தார். மாடிவீட்டு டீச்சர் வந்து பார்த்துவிட்டு, "இந்தக் காலத்துல எந்த ஆம்பளைங்க இப்படிப் பாத்துக்கிறாங்க? நீங்க குடுத்துவச்சவங்க" என்று கண் கலங்கினாள். போகும்போது ஒரு கட்டு இலையும் வாங்கிக்கொண்டு போனாள். மகள் போன் பேசும்போதெல்லாம் அப்பா புராணம்தான். தையலக்கா எல்லாவற்றுக்கும் 'ம்' கொட்டினாள். தையல் போட்ட இடம் இழுத்தது. அதற்கு மேல் பேசத் தெம்பு இல்லை.

மொட்டைமாடியில் கீரை வருவது நிற்கவில்லை. இலை தெருவுக்குப் போயிற்று, தண்டு மேடைக்கு வந்தது. அவருக்கு டிப் வேண்டுமே. ஒருநாள் காலை, அவளைச் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு, எப்படிச் செய்வது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் செய்தார். நாரை உரித்தார். பாதி நாரைத் தண்டிலேயே விட்டுவிட்டார். சிவப்புத் தண்டைப் பெரிய பாத்திரத்தில் போட்டு, தளதளவென்று கொதிக்கவிட்டு இறக்கினார்.

தண்டை வடிகட்டியில் அள்ளிப்போட்டார். பாத்திரம் நிறையத் தண்ணீர், ஆவி பறக்க, சிவப்பாக நின்றது. தையலக்கா நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இப்போது என்ன செய்கிறார் பார்க்கலாம். தொட்டியில் கொட்டினால்கூடப் போதும். தன் கையால் ஒரு தடவை அதைச் சாக்கடைக்கு அனுப்பினார் என்றால், மன்னிப்புக் கேட்டதாகவே எடுத்துக்கொண்டுவிடலாம் என்று இருந்தது அவளுக்கு.

அவர் தொட்டிப் பக்கம் போகவில்லை. பாத்திரத்தின்மேல் ஒரு தட்டைப் போட்டு ஓரமாக வைத்துவிட்டு எள்ளை வறுக்கப் போனார். அரைத்து, கலந்து, ருசி பார்த்து முடிப்பதற்குள் தண்ணீர் ஆறிவிட்டது. இரண்டு கையாலும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, சொட்டுச் சிந்தாமல், மாடிப்படி ஏறினார்.

இறங்கி வரும்போது முகம் மலர்ந்திருந்தது.

"செடிக்கே ஊத்திட்டேன். சும்மா குடிச்சு இழுத்துக்கிச்சு. பாரு, ஒரு சொட்டு வீணாகல."

தையலக்கா அவரையே பார்த்தாள்.

"ஏங்க, இத்தனை நாளா இது உங்களுக்குத் தோணலையா?"

அவர் காலிப் பாத்திரத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டு, நிஜமாகவே புரியாமல் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப எதுக்குச் செடிக்கு? அப்பதான் நீ குடிச்சுக்கிட்டிருந்தியே."

அவர் கிண்ணத்தில் டிப்பை எடுத்துக்கொண்டு, ரொட்டியைத் தேடிக் கூடத்துக்குப் போனார்.