தனித் தாளில் ஒரு சிறுமி

அந்தப் பழுப்பு வண்ணக் குப்பியின் எண் பதினேழா பத்தொன்பதா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மற்றதையும் பாதி மறந்து, பாதி இட்டுக்கட்டித்தான் சொல்கிறேனோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அந்தக் காலித் தட்டு மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

கார்ட்டூன் படங்களுக்கு வண்ணம் தீட்டும் கூடத்தில் வேலை பார்த்தேன். கண்ணாடித் தாளில் கோட்டுப்படம் வரும். திருப்பிப் போட்டு, பின்பக்கம் நிறம் நிரப்ப வேண்டும். அந்த வருடம் விடுமுறைக்கென்று அரைமணி நேரச் சிறப்புப் படம் ஒன்று. விருந்து மேசையில் ஒன்பது குழந்தைகள். எட்டுப் பேரின் தோலுக்கும் ஒரே ரோஜா நிறம். ஒன்பதாவது சிறுமிக்குப் பழுப்பு. அதற்கு முன் அந்தக் குப்பியை நாங்கள் மரங்களுக்கும் கரடிகளுக்கும்தான் திறந்திருக்கிறோம்.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. பள்ளி நாடகத்தில் மூன்று வருடமாக மரம். "டிவில உன் நிறத்துல ஒரு பொண்ணு வரப்போறா" என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து தினமும் விசாரணைதான்.

"இன்னிக்கு அவளுக்கு என்ன பண்ணினே?"

"காது."

"ரெண்டுமா?"

மற்ற எட்டுப் பேரும் ஒரே தாளில் நெருக்கியடித்து இருந்தார்கள். அவளுக்கு மட்டும் தனித் தாள். ஏன் என்று அத்தானிடம் கேட்டேன். அக்காவின் கணவர், தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் படம்பிடிப்பவர். என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

"மகாராணி இல்லியா, தனியாத்தான் வருவா" என்று சிரித்தார். நம்பினேன். மகளிடமும் அப்படியே சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒளிபரப்பு. அக்கா வீட்டு டிவி முன் மகள் நல்ல சட்டை போட்டு உட்கார்ந்திருந்தாள். விருந்துக் காட்சி வந்தது. எட்டுக் குழந்தைகள். ஒன்பதாவது நாற்காலி காலி. அதன் முன் தட்டும் கரண்டியும் இருந்தன. அவை மேசையோடு சேர்த்து வேறு தாளில் வரைந்தவை.

"அவ எங்கம்மா?"

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்த பிறகு, நான் இருந்த சமையலறையின் வாசலுக்கு அத்தான் வந்தார். "ரெண்டு தடவை எடுத்தோம். அவளோட ஒண்ணு, அவ இல்லாம ஒண்ணு. எந்த ஊருக்கு எது ஒத்துவரும்னு பாத்து அனுப்புவாங்க. இங்க இதுதான்னுட்டாங்க."

"உங்களுக்கு மொதல்லயே தெரியுமா?"

"அவள உருவிட்டு எடுக்கத்தானே தனித் தாள்." கதவுச் சட்டத்தில் வைத்திருந்த அவருடைய கையைப் பார்த்தேன். அதுவும் அதே பழுப்புதான். "தட்டையும் எடுத்திருக்கணும். கவனிக்காம விட்டுட்டாங்க" என்றார்.

நான் மறுநாளும் வேலைக்குப் போனேன். கூடத்தை மூடும்வரை, இன்னும் பதினோரு வருடம் போனேன். அத்தான் போன வருடம் இறந்தார். போய் முகம் பார்த்துவிட்டு வந்தேன். அக்கா இப்போது தன் மகன் வீட்டில் இருக்கிறாள். என் மகள் பேருந்து நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். அந்தப் படத்தைப் பற்றி அதன்பின் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தச் சிறுமி இருந்த படம் எந்த ஊரிலாவது ஓடியதா என்று எனக்குத் தெரியாது.