கதவு எண் பதினான்கு, ஓடுபாதைத் தெரு

தொண்ணூறு நாள் பறக்காத விமானம் கட்டடம் ஆகிவிடும். இது எல்லோருக்கும் தெரிந்த சட்டம்தான். கேப்டன் ஜெபமணியின் பழைய விமானத்துக்கு அன்று தொண்ணூறாவது நாள். நகராட்சியிலிருந்து குலசேகரன் காலையிலேயே வந்துவிட்டார். கையில் அளவு நாடா. பையில் கதவு எண் எழுதிய தகரமும் நான்கு ஆணிகளும்.

"நாலு மணிக்குத்தான் அடிப்பேன்," என்றார். "அதுவரைக்கும் அளந்துக்கறேன். உங்களுக்குத் தொந்தரவு இல்லையே?"

மெக்கானிக் மரகதவல்லிக்குத் தொந்தரவுதான். கட்டடத்துக்கு மெக்கானிக் தேவையில்லை, வாட்ச்மேன் போதும். அவள் பெயருக்குக் காக்கிச் சட்டையும் விசிலும் முன்தினமே வந்து சேர்ந்திருந்தன. போட்டுப் பார்த்தாள். கச்சிதமாக இருந்தது. உடனே கழற்றிப் போட்டாள். பதினொரு வருடம் தன் கைபட்ட விமானத்தின் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

கோளாறு ஒன்றே ஒன்றுதான். இறக்கையின் பின்விளிம்பை இறக்கி ஏற்றும் சின்ன மோட்டார் இஷ்டப்பட்டால் ஓடும், இல்லாவிட்டால் நின்றுவிடும். அது ஒழுங்காக ஓடாமல் கேப்டன் தரையை விட்டுக் கிளம்ப மாட்டார். மரகதவல்லி மூன்று முறை மோட்டாரையே மாற்றிவிட்டாள். புது மோட்டாரும் இரண்டு நாளில் பழையதன் குணத்தைக் கற்றுக்கொண்டது. கழற்றி மேசைமேல் வைத்தால் மட்டும் சமர்த்தாக ஓடியது.

"இப்ப ஓடுதா?" கேப்டன் தன் இருக்கையில் இருந்து கேட்டார்.

"ஓடலை, சார்."

"இப்ப?"

"ஓடுது."

"நீ என்ன பண்ணே?"

"ஒண்ணும் பண்ணலையே."

"அதையே பண்ணிட்டு இரு."

அதையே பண்ணினாள். மோட்டார் நின்றுவிட்டது.

மணி இரண்டு. குலசேகரன் உள்ளே வந்து அளந்துகொண்டிருந்தார். ஹால் குறுகலாம், ஆனால் காற்றோட்டம் பரவாயில்லையாம். கேப்டனைச் சுற்றியிருந்த மீட்டர் முட்களையும் விளக்குகளையும் எட்டிப் பார்த்து, "இது சாமி ரூமா?" என்று கேட்டார். கேப்டன் யோசித்துவிட்டு, "கிட்டத்தட்ட," என்றார்.

அப்போதுதான் மரகதவல்லிக்கு உறைத்தது. மோட்டாருக்குள் வருகிற கரண்டை அவள் நாற்பது தடவை சோதித்திருக்கிறாள். வேலை முடிந்து வெளியே போகிற கரண்டை ஒரு நாளும் வழியனுப்பியதில்லை. அது ஒரு கறுப்பு எர்த் ஒயர் வழியாக வாலுக்குள் போய் விமானத்தின் உடம்பில் சேர வேண்டும். டார்ச்சையும் ஸ்பானரையும் எடுத்துக்கொண்டு ஒயரைப் பிடித்தபடி வாலுக்குள் நுழைந்தாள்.

அந்த வால் வெளியே எட்டடிதான். உள்ளே அரை மணி நேரம் நடந்தாள். இரண்டு திருப்பம், ஒரு மாடிப்படி. படி முடிகிற இடத்தில் ஒரு கவுன்டர். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அம்மாள் பூ தொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன விஷயம்?"

"கோளாறைத் தேடிப் போறேன்."

"அது எப்ப வரும்?"

"நான் இல்லாதப்ப."

"அப்ப நீங்க இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. இல்லாட்டி உள்ள விட முடியாது."

தான் அங்கே இல்லை என்று எழுதி மரகதவல்லி கையெழுத்துப் போட்டாள். அம்மாள் முத்திரை குத்தி, ஒரு முழம் பூவும் கொடுத்து அனுப்பினாள்.

ஒயரின் கடைசியில் ஓர் ஆள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஒயரின் செம்பு முனை அவர் வலது கையில். இடது உள்ளங்கை விமானத்தின் சட்டத்தில் அழுந்தியிருந்தது.

"நீங்க யாருண்ணே?"

"எர்த். பேரு அருணகிரி."

விமானத்துக்கு பெயின்ட் அடித்தபோது போல்ட் உட்காருகிற இடத்தையும் சேர்த்துப் பூசிவிட்டார்களாம். பெயின்ட்மேல் கரண்ட் போகாது. "சுரண்டிட்டு வந்து மாட்டிடறோம், ரெண்டு நாள் புடிச்சிக்கன்னு சொல்லிட்டுப் போனாங்க. ஆச்சு, பத்தொன்பது வருஷம்."

"நல்லாத்தானே இருந்துச்சு. இப்ப மூணு மாசமா என்ன ஆச்சு?"

அவர் குரல் தாழ்ந்தது. "மூக்கு அரிக்குது. சொறியணும்னா ஒரு கையை எடுக்கணும்ல? அடக்கித்தான் பாக்கறேன், முடியலை. மேல எழுதிடாதீங்கம்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அந்த மனிதர்மேல் தாங்க முடியாத பரிதாபமும் வந்தது. மணி மூன்று நாற்பது. அவர் உள்ளங்கை பட்ட இடத்தில் பெயின்ட் தேய்ந்து உலோகம் பளபளத்தது. சுரண்டவே தேவையிருக்கவில்லை. அங்கேயே ஒயரை வைத்து, போல்ட் போட்டு முறுக்கினாள்.

"கையை எடுங்கண்ணே."

"நின்னுடும்மா."

"நிக்காது. எடுங்க."

ஒவ்வொரு விரலாக எடுத்தார். தூரத்தில் மோட்டார் ரீங்கரித்துக்கொண்டே இருந்தது. அவர் இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார்.

"அப்ப இனிமே நான் யாரு?"

"வாங்க சொல்றேன்."

திரும்பி வரும்போது எட்டடிதான் இருந்தது.

"இப்ப ஓடுதா?" என்றார் கேப்டன்.

"ஓடுது."

"இப்ப?"

"ஓடுது, சார்."

"நீ என்ன பண்ணே?"

"கையை எடுக்கச் சொன்னேன்."

கேப்டனுக்கு அது போதுமானதாக இருந்தது. மூன்று ஐம்பத்தெட்டுக்கு விமானம் தரையை விட்டது. நாடாவின் மறுமுனையைத் தேடிக்கொண்டிருந்த குலசேகரன் இறங்க மறந்துபோனார். நான்கு மணிக்கு ஜன்னல் வழியே கீழே பார்த்தார். பிறகு குறிப்பேட்டைத் திறந்து எழுதினார்: 'கதவு எண் 14. வீடு வெளியூர் போயுள்ளது.'

"இவர் யாரு? குடியிருக்கறவரா?" என்று அருணகிரியைக் காட்டிக் கேட்டார்.

வாட்ச்மேன் சட்டையில் கை கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்த மரகதவல்லி நிமிர்ந்தாள். "பயணி," என்றாள். "பெல்ட் போடுங்கண்ணே. அதுக்கு ரெண்டு கையும் வேணும்."

அவர் பெல்ட் போட்டுக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே இறக்கையின் பின்விளிம்பு மெல்ல மேலேறிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கையை மூக்கருகே கொண்டுபோய், ஒரே ஒரு தடவை சொறிந்து பார்த்தார். பின்விளிம்பு நிற்கவில்லை.

"நான் சொறியறேன்மா," என்றார். "அது பாட்டுக்கு ஓடுது."

பிறகு ஆசை தீர, இரண்டு கையாலும் சொறிந்துகொண்டார்.