பாலத்துக்குப் பட்ட கவலை

பொறியாளரின் அக்கா கவலைப்பட்டால் ஆற்றுப் பாலம் தூண்களை விட்டு எழும்பும். முதல் முறை ஒரு முழம் எழும்பியபோது ஊர் வாய் பிளந்தது. அடுத்த மழைக்குள் இரு முனையிலும் பலகைச் சரிவு போட்டார்கள்; பால்காரர்கள்கூட அதில் சைக்கிளை உருட்டப் பழகிவிட்டார்கள். பழகாதவன் அந்தப் பொறியாளர் தம்பி ஒருவன்தான். பாலத்தைப் பராமரிக்கச் சம்பளம் வாங்குகிறவன். பாரமும் வளைவும் அவனுக்கு விரல்நுனியில். அக்காதான் எந்தச் சூத்திரத்திலும் அடங்கவில்லை.

ஊர்க் கவலையெல்லாம் அக்காவுக்குக் குத்தகை. பாலத்தில் விரிசல் இருக்கிறது, பிள்ளைகள் போகிற வழி என்று கூட்டம் கூட்டினாள். எங்கே என்று தம்பி கேட்டால், தன் அடிவயிறு சொல்கிறது என்பாள். அடிவயிற்றுக்கு அளவுகோல் கிடையாது என்று இவன் சிரிப்பான். உண்மையில் அவன் கருவியும் ஒரு விரிசலைக் காட்டியிருந்தது. அனுமதித்த அளவுக்குள் இருந்ததால் மறந்துபோனான். வருஷங்கள் இப்படியே இழுபட்டன.

அக்கா கணவருக்குச் சிறுநீரகம் கெட்டது. ரத்தம் சுத்திகரிக்க அக்கரை மருத்துவமனைக்குப் போகவேண்டும். ஒரு நாள் ஆம்புலன்ஸிலேயே அவருக்கு மூச்சு முட்ட, அக்கா பட்ட கவலையில் பாலம் மாடி உயரம் போய்விட்டது. பலகை எட்டவில்லை; ஆம்புலன்ஸ் இக்கரையிலேயே நின்றது. கவலைப்படாதே என்று ஊரே அவளிடம் சொல்லச் சொல்ல, இன்னும் ஏறியது. தம்பி ஓடிவந்தான்.

"அக்கா, கொஞ்சம் கம்மியா கவலப்படேன்."

"அதென்னடா குழாயா, திருகி மூட?"

தம்பி அண்ணாந்தான். பாலத்தின் அடிவயிற்றை அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தான். மூன்றாம் தூணில் உட்காரும் இரும்பு உத்தரத்தில் அதே விரிசல், இப்போது விரல் நுழையும் அகலத்தில். அக்கா பக்கம் திரும்பி, அதைக் கைகாட்டினான்.

"நீ சொன்னது அங்கதான்கா இருக்கு. தெரிஞ்சும் விட்டுட்டேன். மாமாவ விடு, ஊர விடு. வண்டி தாண்டுற வரைக்கும் அந்த ஒரு இடத்த மட்டும் நெனச்சுக்க."

அக்கா பார்த்தாள். ஊர் முழுக்கப் பரவிக் கிடந்த கவலை அங்கே போய்க் குவிந்தது. பாலம் முனகியபடி சாலை மட்டத்துக்கு இறங்கியது. அந்த உத்தரம் மட்டும் தூணைத் தொடாமல் நின்றது. வண்டி தாண்டியது. மாமா பிழைத்து, உப்பில்லாத சாப்பாட்டை இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறார்.

உத்தரத்தை மாற்றியாயிற்று. ஆனால் பாலத்தில் பலவீனமான இடம் ஒன்றா, இரண்டா? தினமும் எங்கே கவலைப்படவேண்டும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் தம்பி வேலைக்குப் போகிறான். அவனுக்கும் இப்போது தூக்கம் சரியில்லை. நடுப்பாலம் வண்டிக்கடியில் லேசாகக் குழிந்து இறங்கினால், அக்கா கண்ணயர்ந்திருக்கிறாள் என்று ஓட்டுநர்கள் கியரைக் குறைத்து, ஹாரன் அடிக்காமல் போகிறார்கள்.